பட்ஜி கூப்பிட்டால் யார் பதில் சொல்வது?

எங்கள் வீட்டில் கூண்டில் வளரும் சின்னக் கிளியான ஆண் பட்ஜி தனியாக இருந்த நாட்களில் எவர்சில்வர் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே நகராது. அதில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துத் தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டும். தின்ற தினையைக் கக்கி அந்த உருவத்துக்கு ஊட்டப் பார்க்கும். சாயங்காலம் கிண்ணத்தின் விளிம்பெல்லாம் தினை காய்ந்து ஒட்டியிருக்கும். விளையாடுகிறது என்று நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம். ஆண் பட்ஜி தன் ஜோடிக்கு இரை ஊட்டுவது அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் பட்ஜியைத்தான் தருவார்கள். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. புல் விதையும் தண்ணீரும் இருக்கும் இடம் தேடிக் கூட்டமாக அலையும். நல்ல மழை பெய்த வருடங்களில் ஒரே கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் பறக்கும். பறவையியலாளர் ஜான் கூல்டு 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறை கூண்டிலேயே பிறந்துவிட்டது. கூட்டத்தைத் தேடும் குணம் மட்டும் போகவில்லை.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் தன் துணையைத் தவறவிடாமல் இருக்க பட்ஜிக்கு உதவுவது ஒரு சின்ன ஒலி. அரை நொடிகூட நீடிக்காது. 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' என்பது போன்ற கூப்பிடு குரல். ஒவ்வொரு பறவைக்கும் அது கொஞ்சம் வேறுபடும். ஆனால் ஆணையும் பெண்ணையும் ஜோடியாக விட்டுப் பதிவு செய்து பார்த்த ஆய்வாளர்கள், சில வாரங்களில் ஆண் தன் குரலை மாற்றிப் பெண்ணின் குரலைப் போலவே கூப்பிடக் கற்றுக்கொள்வதைக் கண்டார்கள். முன்பின் பழகாத ஆண்களை ஒன்றாக விட்டாலும் அவற்றுக்குள் பொதுவான குரல் உருவாகிவிடுகிறது. வளர்ந்த பிறகும் புதுக் குரல் கற்கும் திறன் பட்ஜிக்கு உண்டு. தனியாக வளரும் பட்ஜி நம் வார்த்தைகளைப் பேசுவதும் இந்தத் திறனால்தான். அதற்குக் கூட்டம் என்று இருப்பது நாம் மட்டுமே.

அதனால் பட்ஜிக்கு நல்ல துணை இன்னொரு பட்ஜிதான். தலையில் கொண்டையுள்ள சிறு கிளியான காக்கடீல் சாதுவான பறவை, பெரிய கூண்டில் ஒத்துப்போகலாம். ஆனால் அதன் குரல் வேறு. அசல் லவ் பேர்டை தயவுசெய்து சேர்த்து விடாதீர்கள், பட்ஜியின் கால்விரலைக் கடித்துக் குதறிவிடும். ஃபின்ச் என்ற சின்னக் குருவி என்றால் நிலைமை தலைகீழ், கடிக்கப்போவது பட்ஜி. பச்சைக்கிளியை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

சரி, ஆணா பெண்ணா? அலகுக்கு மேலே மூக்குத்துளை இருக்கும் சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு வெளிர்நிறம் அல்லது பழுப்பு. வெள்ளை, மஞ்சள் ரகங்களில் ஆணுக்கும் இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும், அங்கேதான் பலர் ஏமாறுவது. இரண்டு ஆண்கள் பொதுவாகச் சண்டையில்லாமல் வாழும். இரண்டு பெண்களுக்குள் சண்டை வர வாய்ப்பு அதிகம். ஆணும் பெண்ணும் என்றால் குஞ்சு வேண்டாதவர்கள் முட்டையிடுவதற்கான பானையைக் கூண்டில் கட்டாமல் இருப்பது நல்லது.

வாங்கி வந்ததும் அதே கூண்டில் விடுவதுதான் பெரிய தவறு. கிளிக்காய்ச்சல் போன்ற நோய்கள் வெளியே தெரியாமலே பறவைக்குள் இருக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். எச்சம் தண்ணீராகப் போகிறதா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா என்று கவனியுங்கள். அப்படித் தெரிந்தால் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் வைக்கலாம். எங்கள் வீட்டில் அதற்குள்ளேயே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவதும் இந்தப் பக்கமிருந்து பதில் வருவதும் தொடங்கிவிட்டது. சேர்த்து விட்ட இரண்டாவது வாரம், பழையது தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. புதியது அதன் உச்சந்தலையில் முளைத்த இறகுகளின் உறையை ஒவ்வொன்றாக அலகால் உதிர்த்துக்கொண்டிருந்தது. உடம்பில் மற்ற இடத்தையெல்லாம் பட்ஜி தானே கோதிக்கொள்ளும். தன் தலைக்கு மட்டும் அதன் அலகு எட்டாது.