ஓர் இடைவெளியில் போன கோப்புகள்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும் அந்த நாள்களில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கணினி மையங்களில் கூட்டம் நிற்கும். வங்கிப் புத்தகம், படகின் பதிவுச் சான்று, குடும்ப அட்டை என்று ஸ்கேன் செய்ய ஆள்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்த மையங்களின் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில்.

அப்படி ஒரு தடைக்காலத்தில், கடை அடைக்கும் நேரத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. “அண்ணே, ஸ்கேன் செய்து வைத்ததில் ஒன்றைக்கூடக் காணவில்லை. நான் எதையும் அழிக்கவே இல்லை” என்றார் மையத்தில் வேலை பார்க்கும் பெண். அவர் சொன்னது பொய்யில்லை. அழித்தது அவருக்கே தெரியவில்லை.

அது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கணினி. ‘பழைய’ என்று பெயர் தொடங்கும் கோப்புகளை மட்டும் நீக்க நினைத்து, கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளையை விசைப்பலகையில் அடித்திருக்கிறார். ‘பழைய’ என்ற சொல்லை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி வர வேண்டும்; அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் சரி என்பது அதன் பொருள். நடுவில் ஸ்பேஸ் விசை பட்டுவிட்டது. அந்த ஓர் இடைவெளியால் கட்டளை இரண்டாகப் பிரிந்துவிட்டது: ‘பழைய’ என்ற பெயருள்ள கோப்பை நீக்கு, இங்கே உள்ள எல்லாவற்றையும் நீக்கு. நட்சத்திரக் குறி கரைவலை மாதிரி. வளைத்த இடத்தில் இருப்பது அத்தனையும் அதில் வந்துவிடும்.

திரையில் என்ன வந்தது என்று கேட்டேன். “அப்படி ஒரு கோப்பு இல்லை என்றுதான் வந்தது அண்ணே. ஃபோல்டர்களையும் நீக்க முடியாது என்று சொன்னது.” இரண்டும் உண்மைதான். ‘பழைய’ என்று தனிக் கோப்பு இல்லை. கோப்புறைகளை நீக்க ஆர்எம்முக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மறுப்பு வரிகளுக்கு இடையே மற்ற கோப்புகள் அனைத்தும் ஓசையில்லாமல் போய்விட்டன. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழிவந்த பழக்கம் இது. முடிக்க முடியாத வேலைக்குத்தான் அது வாய் திறக்கும்; முடித்த வேலைக்குப் பேசாது. இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்காமல் யாரையும் டெர்மினல், அதாவது கட்டளைகளை அடிக்கும் திரை, முன் உட்கார வைக்கக் கூடாது என்பேன்.

ஆர்எம் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போகாது. விண்டோஸின் டெல் கட்டளையும் அப்படித்தான். “கணினியை இப்போதே நிறுத்துங்கள், புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்பதால் போட்டோரெக் மென்பொருள் பெரும்பாலானவற்றை மீட்டுக் கொடுத்தது. சுழலும் தட்டு இல்லாத புது வகையான எஸ்எஸ்டி ஆக இருந்திருந்தால் அந்த நம்பிக்கையும் குறைவு. மீண்டு வந்தவற்றில் படம் இருந்தது, பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, முகத்தையும் படகு எண்ணையும் பார்த்து, அந்தப் பெண் இரண்டு நாள் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் பெஞ்சில் ஆள்கள் காத்திருந்தார்கள்.

இதற்காகக் கட்டளை வரியே, அதாவது இப்படிக் கட்டளை அடித்து வேலை வாங்கும் முறையே, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே வரியில் இடம் மாற்ற அதைவிட நல்ல வழி இல்லை. பழைய கணினியும் திணறாது. ஆனால் கற்கும் வரிசை முக்கியம். முதலில் பிடபிள்யூடி: எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று சொல்லும். பிறகு எல்எஸ்: அங்கே என்ன இருக்கிறது என்று காட்டும். சிடி நம்மை வேறு கோப்புறைக்குக் கொண்டுபோகும். இந்த மூன்றும் எதையும் கெடுக்காது. ஒரு வாரம் இவற்றோடு மட்டும் பழகினாலும் நல்லதுதான்.

நீக்குவதற்கு முன், ஆர்எம் இருக்கும் இடத்தில் எல்எஸ் போட்டு அதே வரியை ஓட்டிப் பாருங்கள். எது போகப்போகிறதோ அது கண்முன் பட்டியலாக வரும். அன்று இதைச் செய்திருந்தால் மொத்தக் கோப்புறையும் திரையில் கொட்டியிருக்கும், கை தானாக நின்றிருக்கும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் அடியுங்கள், அல்லது பாதி அடித்து டேப் விசையைத் தட்டுங்கள், மீதியைக் கணினியே நிரப்பும். கோப்பை இடம் மாற்றும் எம்வி, நகல் எடுக்கும் சிபி இரண்டிலும் இன்னோர் ஆபத்து உண்டு. போகும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டோடு ‘ஐ’ எழுத்தைச் சேர்த்தால் கேட்டுவிட்டுச் செய்யும். ஆர்எம்முக்கும் இது பொருந்தும்.

அந்த மையத்தில் இப்போது தினமும் கடை அடைக்கும் முன் ஸ்கேன் கோப்புறையை வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கிறார்கள். எடுத்த பின் டிஃப் கட்டளையால் இரண்டு கோப்புறைகளையும் உட்கோப்புறைகள் வரை ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு இருந்தால் திரையில் வரிகள் வரும். ஒன்றுமே வராமல் கர்சர் அடுத்த வரியில் நின்றால், அந்தப் பெண் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்.