புரோக்ரெசிவ் மெட்டல்: ‘முற்போக்கு’ அல்ல, வளர்நடை

சுவீடன் நாட்டு ஓப்பெத் ஒரு ‘புரோக்ரெசிவ் டெத் மெட்டல்’ குழு. மெட்டல் என்பது ராக் இசையின் கனத்த வடிவம்; டெத் மெட்டல் அதில் உறுமல் குரலில் பாடும் வகை. இந்தக் குழுவைத் தமிழில் அறிமுகப்படுத்தும்போது ‘முற்போக்கு மரண உலோக இசைக்குழு’ என்று எழுதிவிடுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அகராதிச் சொற்கள். சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. இதில் பெரிய பிழை முதல் சொல்.

‘புரோக்ரெசிவ்’ இலத்தீன் வழி வந்தது. முன்னோக்கி அடியெடுத்து வைத்தல் என்பது வேர்ப்பொருள். ராக் இசைக்கு முதலில் ஒட்டி, பிறகு மெட்டலுக்கு வந்தது.

தமிழில் ‘முற்போக்கு’ அரசியல் நிலைப்பாட்டின் பெயர். சாதி மறுப்பும் பெண் விடுதலையும் அதற்குள் இருக்கின்றன. ‘பிற்போக்கு’ என்ற எதிர்ச்சொல் நிழல்போல் கூடவே வரும். அப்படியானால் 2011இல் வந்த ஓப்பெத்தின் ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பத்தை என்னவென்பது? உறுமல் குரலை அறவே விட்டுவிட்டு 1970களின் ராக் ஒலிக்குத் திரும்பிய ஆல்பம் அது. முற்போக்குக் கணக்கில் அது பிற்போக்காகிவிடும். ஆனால் புரோக்ரெசிவ் என்ற சொல் அதற்கு முழுதும் பொருந்தும். காரணம், அந்தச் சொல் பாட்டின் கட்டமைப்பைச் சொல்கிறது, பாடுபவரின் கொள்கையை அல்ல.

நம் திரைப்பாட்டில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பும். புரோக்ரெசிவ் இசையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பகுதி அடுத்ததாக வளர்ந்துகொண்டே போகும். 2002இல் வந்த ஓப்பெத்தின் ‘டெலிவரன்ஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 13 நிமிடத்துக்கும் மேல். உறுமலும் மென்குரலும் மாறி மாறி வந்து, கடைசியில் கிதாரும் டிரம்மும் விட்டுவிட்டு அடிக்கும் ஒரே ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கில்) சில நிமிடங்கள் நிலைகொள்ளும். பல்லவிக்குத் திரும்பாமலே முடியும்.

‘வளர்ச்சி மெட்டல்’ என்றால் அரசுத் திட்டத்தின் பெயர்போல இருக்கிறது. ‘வளர்நடை’ என்பதே தகும். வளர்பிறை போன்ற வினைத்தொகை. ‘நடை’யில் அடிவைப்பும் உண்டு, பாணியும் உண்டு. மெட்டலை மெட்டல் என்றே விடலாம். உலோகம் என்றதும் வெண்கலப் பாத்திரம்தான் கண்முன் வரும். டெத் மெட்டலும் அப்படியே இருக்கட்டும்.

பாட்டைக் கேட்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைப்பதால்தான் இவ்வளவும் நேர்கிறது. உறுமலைக் ‘கத்தல்’ என்று எழுதுவதும் இதே கதை. கத்தல் என்றால் குரலை உயர்த்துவது. உறுமலோ குரல்நாண்களுக்கு மேலுள்ள பொய்க்குரல்நாண்களை அதிரவைத்துக் கீழ்ச்சுருதியில் எழுப்புவது. சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2008இன் ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு ஓப்பெத் ஆல்பங்களில் மறைந்து, 2024இல் குழுவின் பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் குரலில் திரும்பி வந்தது கத்தல் அல்ல, உறுமல்.