தேங்குவது ஸ்கேனரில் அல்ல, மெய்ப்பில்

விழிப்புலனற்ற வாசகர்களுக்கான மின்நூலகத்துக்கு உதவ வருகிற தொண்டர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஸ்கேன் செய்து தரட்டுமா?" என்றுதான். நல்ல மனம். ஆனால் ஸ்கேன் வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். எழுத்துணரி மென்பொருள் அதை விரைவில் உரையாக்கிவிடும். அந்த உரையை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத்தான் வாரக்கணக்காகிறது. ஸ்கேன் கூடக் கூட வரிசை நீளுமே தவிர, நூல் மாணவர் கைக்குப் போய்ச் சேராது.

தமிழ் அச்சில் துணைக்காலும் (ா) 'ர'வும் ஏறத்தாழ ஒரே உருவம். 'காலம்' என்பதை மென்பொருள் 'கரலம்' என்று எடுத்துக்கொள்ளும். பார்த்து வாசிப்பவரின் கண் அதைச் சரியாகவே எண்ணிக் கடந்துவிடும்; திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானோ உள்ளபடி 'கரலம்' என்றே சொல்லும். 'எ' வரவேண்டிய இடத்தில் இலக்கம் '௭' விழுந்தாலும் இதே கதிதான். அதனால்தான் மெய்ப்பு பார்ப்பதில் விழிப்புலனற்றவர்களையே சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஒருவர் காதால் கேட்டுப் பிழையைக் குறிக்க, மற்றவர் மூலத்தைப் பார்த்துத் திருத்தினால் கண் தப்பவிட்டதும் அகப்படும்.

திருகோணமலையில் இன்னொரு தொல்லை ஈரம். வடகீழ்ப் பருவமழையில் தாள் நெளியும், பூஞ்சணப் புள்ளி விழும். எழுத்தின் தலையில் விழுந்த புள்ளி 'க'வை 'க்' ஆக்கிவிடும். பழைய நூல்களை மழைக்கு முன்னரே எடுத்து முடியுங்கள். ஈரித்த தாளை மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து மிகச் சிறிதானால் 400. வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கறையும் எழுத்தும் ஒன்றாகிவிடும். வரிசையில் சேர்க்குமுன் அங்கும் இங்குமாகப் பத்துப் பக்கங்களை உரையாக்கிப் பாருங்கள். வரிக்கு வரி பிழையிருந்தால் மறுபடி ஸ்கேன் செய்வதே இலகு.

முழு நூலையும் ஒருவரிடம் கொடுப்பது தேக்கத்துக்கு மற்றக் காரணம். பரீட்சையோ வேலையோ வந்ததும் நூல் அவருடைய மடிக்கணினியில் தூங்கிவிடும். 20 பக்கக் கட்டாகக் கொடுத்து இரண்டு வாரம் தவணை வையுங்கள். முடியாவிட்டால் காரணம் கேளாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பலர் கைபட்டால் பலவிதமாகிவிடும் என்பதும் உண்மை: ஒருவர் அடிக்குறிப்பை வைப்பார், ஒருவர் அழிப்பார். பக்க எண்ணை விடக்கூடாது, தலைப்பைத் தடித்த எழுத்தாக்காமல் தலைப்பு வடிவமாகவே (Heading) குறிக்க வேண்டும் என்பவற்றை ஒரே தாளில் எழுதிக் கட்டோடு அனுப்புங்கள்.

ஸ்கேனே தேவைப்படாத நூல்களும் உண்டு. ஆசிரியரிடமோ அச்சகத்திடமோ பக்க வடிவமைப்புக் கோப்பைக் கேளுங்கள். யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றலாம். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாகிக் குழம்பும். அவற்றைத் தனியே பாருங்கள். அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்கான இந்தியாவின் இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவிலும் தேடுங்கள். விழிப்புலனற்றோர் வாசிக்கத்தக்க நூல்களுக்குப் பதிப்புரிமையில் விலக்கு அளிக்கும் 2013இன் மரக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை, இந்தியா இரு நாடுகளும் இருப்பதால், அதிகாரம் பெற்ற அமைப்புகள் எல்லை தாண்டிப் பரிமாற வழியிருக்கிறது.

பாடநூல் முழுவதும் முடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். உயர்தர வகுப்பு மாணவர் கேட்ட நூலில் இந்தப் பாடசாலைத் தவணைக்குரிய அலகுகளை முதலில் திருத்தி அனுப்பிவிடுங்கள். மிகுதி பின்னர் வரும் என்று பொருளடக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்.