ஜெபத்தில் வறட்சியா? அந்தப் பாவப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள்

"ஐயா, ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றுமே உணர முடியவில்லை. எனக்குள் ஏதோ பாவம் ஒளிந்திருக்கிறது." ஆலோசனைக்கு வருகிறவர்கள் நாற்காலியில் அமருவதற்கு முன்பே சொல்லிவிடுகிற பேச்சு இது. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டால், ஜெபக்குழுவை நடத்துகிற சகோதரர், நலம் விசாரிக்க வந்த உறவினர், சில வேளைகளில் ஒரு போதகர் என்று பதில் வருகிறது. நானும் ஒரு போதகன்தான். அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது.

அண்மையில் வந்த ஒரு சகோதரி கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பாவம், வலப்பக்கம் அதை அறிக்கை செய்த தேதி. பள்ளியில் தோழியின் பென்சிலைத் திருப்பிக் கொடுக்காதது, அம்மாவிடம் சொன்ன பொய், மாமியாரை மனதுக்குள் திட்டியது என்று பட்டியல் நீண்டது. சில வரிகளுக்கு எதிரே மூன்று நான்கு தேதிகள். முதல் முறை அறிக்கை செய்தபோது அழுகை வரவில்லையாம், ஆகவே அது கணக்கில் சேராது என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"இரவில் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். விழித்தார். படுக்கையில் கிடக்கும் தாயைப் புரட்டிப் படுக்கவைக்க இரவெல்லாம் எழுந்துகொண்டிருக்கிறார், மாதக்கணக்காக அப்படித்தான். அதை அதுவரை எவரும் விசாரிக்கவில்லை. உபவாசம் இருக்கச் சொல்லி மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். தூக்கமில்லாதவருக்குப் பட்டினி வேறு!

உணர்ச்சி பொங்கினால் ஆவிக்குரிய வாழ்வு செழிப்பாக இருக்கிறது, பொங்காவிட்டால் ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தக் கணக்கை யார் தொடங்கிவைத்தார்களோ தெரியாது. வேதத்தில் இப்படி ஓர் அளவுகோல் இல்லை. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று பவுல் எழுதிய வரிசையைப் பாருங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். மெய்சிலிர்ப்பு அதில் இருக்கிறதா? கண்ணீர் இருக்கிறதா? சந்தோஷம் இருக்கிறதே என்பீர்கள். அதே பவுல்தான் 2 கொரிந்தியரில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்குத் தான் பாரமடைந்ததாக எழுதுகிறார். அந்தச் சந்தோஷமும் இந்தப் பாரமும் ஒரே மனிதனுக்குள் இருந்தன.

உணர்ச்சி எதனாலெல்லாம் கூடுகிறது, குறைகிறது என்று சற்று யோசியுங்கள். காய்ச்சலால் குறையும். துக்கத்தால் குறையும். வயதாக ஆகக் குணம் மாறும். பிள்ளைபெற்ற உடம்பு ஒரு மாதிரி, பரீட்சைக்குப் படிக்கிற உடம்பு வேறு மாதிரி. இசைக்கருவிகளின் ஒலியைக் கூட்டினால் உணர்ச்சியும் கூடும். கூட்டம் முடிந்து ஒலிபெருக்கியை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும். இவ்வளவு லேசாக ஏறி இறங்குகிற ஒன்றை வைத்து ஒருவருடைய இரட்சிப்பையே எடைபோடலாமா? தினமும் பாசம் பொங்கிய பிறகுதான் சமைப்பேன் என்று ஒரு தாய் காத்திருந்தால் பிள்ளைகள் பட்டினிதான். ஒன்றுமே உணராத நாளிலும் முழங்கால் படியிடுகிறவரிடம் இருப்பதுதான் விசுவாசம். அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு 'உமக்கு விசுவாசம் போதவில்லை' என்கிறோம்.

பாவம் ஜெபத்தைத் தடுக்கவே தடுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. தடுக்கும். 'நான் அடக்கிவைத்தமட்டும்' என்று தாவீது 32-ஆம் சங்கீதத்தில் சொல்வது அதைத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அப்படி மறைத்து வைத்திருப்பவருக்குத் தான் மறைப்பது இன்னதென்று நன்றாகவே தெரியும். பேச்சு அந்தப் பக்கம் போனால் உடனே திருப்பிவிடுவார். இல்லாத பாவத்தை விளக்கேற்றித் தேடுகிறவர் வேறு ரகம். இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது மேய்ப்பனுக்கு அழகல்ல.

இந்தத் தேடலின் ஆபத்து புதிதல்ல. 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்த இக்னேசியஸ் லொயோலா (பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர்) முழுப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்தபிறகும் அமைதி பெறவில்லை. ஏதோ விட்டுப்போயிற்று என்று பழைய பாவங்களையே திரும்பத் திரும்பக் கிளறினார். தற்கொலை எண்ணம்வரை போனார். கடைசியில், கடந்த காலப் பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தபோதுதான் விடுதலை கிடைத்தது. ஸ்பெயின் தேசத்துத் துறவி சிலுவையின் யோவான் 16-ஆம் நூற்றாண்டிலேயே வறட்சியையும், அனலுமின்றிக் குளிருமின்றி இருக்கும் வெதுவெதுப்பையும் பிரித்துக் காட்டினார். தேவனைச் சரியாகச் சேவிக்கவில்லையே என்ற கவலை வறட்சியில் இருப்பவரை வாட்டும். வெதுவெதுப்பானவருக்கு அந்தக் கவலையே இராது. உடல்நிலையால் வருகிற மனச்சோர்வும் இதில் கலந்திருக்கலாம் என்றும் அவர் குறிப்பிட்டார். அன்னை தெரசா ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தேவ பிரசன்னத்தை உணராமலே ஊழியம் செய்தார் என்பது 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களால் உலகத்துக்கே தெரிந்தது.

இவர்கள் கத்தோலிக்கர்கள், நமக்கென்ன என்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் பாப்டிஸ்டு பிரசங்கியார் ஸ்பர்ஜன் இருக்கிறார். 1856 அக்டோபரில் லண்டனில் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ 'தீ' என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அந்த அதிர்ச்சியில் நிலைகுலைந்தார். மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் விட்டுவிட்டு வந்தது. அதைப் பிரசங்க பீடத்திலிருந்தே வெளிப்படையாகப் பேசினார்.

எலியா தீர்க்கதரிசியை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. கர்மேல் மலையில் அவருடைய ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கிய கையோடு, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டவர் அவர். தேவதூதன் வந்து என்ன செய்தான்? ஒளிந்திருக்கும் பாவத்தை விசாரித்தானா? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே வறட்சியில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜெப நேரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள், ஆனால் விடாதீர்கள். பத்து நிமிடம் போதும், தினமும் ஒரே வேளையில். சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் வருகிற வாக்குத்தத்த வசனத்தை நான்கு பேருக்கு அனுப்புவது வேத வாசிப்பு ஆகாது. ஒரு சுவிசேஷத்தை எடுத்து, நாளுக்குச் சில வசனங்களாக மெதுவாகப் படியுங்கள். திருவிருந்துக்கு வாருங்கள், தகுதியாக உணர்ந்தபின் வருகிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். சோர்ந்திருக்கும் நாட்களில் சபை மாறுவது, ஊழியத்தை விடுவது போன்ற பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். இதுவும் இக்னேசியஸ் சொன்ன பழைய விதிதான். நம்பகமான ஒரே ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊருக்கே சொல்லிவிடுகிறவரிடம் வேண்டாம்.

உண்மையில் நான் கவலைப்படுவது வேறு சிலரைப் பார்த்து. ஆராதனையில் உருகிவிட்டு, வீட்டு வாசலிலேயே மனைவிமேல் எரிந்து விழுகிறவர். வாரம் முழுதும் கூட்டங்கள், சொந்த அண்ணனோடு மட்டும் ஆண்டுக்கணக்கில் பேச்சு இல்லை. இவர்கள் ஒருவரும் ஆலோசனைக்கு வருவதில்லை. தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர்களுக்கு உணர்ச்சி சொல்கிறது.

சக ஊழியர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சோர்ந்து வருகிறவரிடம் தூக்கம், சாப்பாடு, அண்மையில் நேர்ந்த இழப்பு, இந்த மூன்றையும் விசாரித்துவிட்டு வேதத்தைத் திறவுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் உடன் உட்கார்ந்திருந்த மட்டும் நன்றாகத்தான் செய்தார்கள்; வாயைத் திறந்து அவரிடம் பாவத்தைத் தேடியபோதுதான் தவறினார்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை விசுவாசத்தின் பெயரால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. பவுலே தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு வழி சொன்னார், இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார், வைத்தியனாகிய லூக்காவைப் பிரியமானவன் என்று அழைத்தார். சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, எந்த வேலையிலும் நாட்டம் இல்லாமல் போனால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் உபவாச ஜெபத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், வீட்டாருக்குச் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போகிற வழியில் ஜெபம் செய்யலாம்.