கீமோவுக்கு முன் பல்லைக் காட்டச் சொன்னால் செலவு யார் கணக்கில்?

"கீமோ ஆரம்பிக்கும் முன்னாடி பல்லை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க" என்று புற்றுநோய் மருத்துவர் சொல்லும்போது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருக்கிற கவலையில் பல் ஒரு கேடா என்றுதான் தோன்றும். எங்கே போவது, சாஸ் மானிய அட்டை செல்லுமா, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் கழிக்கலாமா என்ற கேள்விகள் இரண்டு நாள் கழித்துத்தான் வரும்.

முதலில் கசப்பான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பல் சிகிச்சை மானியம் உங்கள் நோயின் கடுமையைப் பார்த்து வருவதில்லை. இதய வால்வு மாற்றியவருக்கும் ஓடியாடித் திரிபவருக்கும் ஒரே கணக்குதான். குடியுரிமை, பிறந்த ஆண்டு, குடும்ப வருமானம், எந்த வழியாக, அதாவது யார் அனுப்பி வந்தீர்கள் ஆகியவைதான் பார்க்கப்படும். நோய் உங்களுக்குக் கைகொடுப்பது அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும். பலர் கோட்டை விடுவதும் அங்கேதான்.

அக்கம்பக்கத்துத் தனியார் பல் மருந்தகத்தில் உதவுவது சாஸ் என்னும் சமூக சுகாதார உதவித் திட்டம். குடும்பத்தின் மாத வருமானத்தைத் தலைக்கு வகுத்துப் பார்ப்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து தலைக்கு 1,500 வெள்ளி வரை இருந்தால் நீல அட்டை, 2,300 வெள்ளி வரை ஆரஞ்சு, அதற்கு மேல் பச்சை. பல் சிகிச்சைக்கு நீலமும் ஆரஞ்சும்தான் உதவும். பச்சை அட்டை நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களுக்கு உதவுமே தவிர பல்லுக்கு இல்லை. 1949 முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினரும் 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினரும் வருமானக் கணக்குக் காட்ட வேண்டாம். தலைமுறை அட்டையே போதும். நிரந்தரவாசிகளுக்கு சாஸ் கிடையாது.

சாஸ் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகையைக் கழிப்பார்கள். மீதியை அந்த மருந்தகத்தின் கட்டணத்தைப் பொறுத்து நீங்கள் கட்ட வேண்டும். ஒரே பல்லைப் பிடுங்க இரண்டு கடையில் இரண்டு விலை இருக்கும். நாற்காலியில் சாயும் முன்பே "சாஸ் கழித்து நான் எவ்வளவு கட்டணும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஆனால் கடும் நோய் உள்ளவரைத் தெருமுனை மருந்தகம் பல நேரம் தொடத் தயங்கும். அது தட்டிக்கழிப்பு அல்ல. கழுத்துக்கோ தாடைக்கோ கதிர்வீச்சு வாங்கிய எலும்பு எளிதில் ஆறாது. பின்னாளில் அங்கே பல்லைப் பிடுங்கினால் தாடையெலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. அதனால்தான் காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்து, புண் ஆற ஏறத்தாழ இரண்டு வாரமாவது விடுகிறார்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் போடும் சில ஊசிகளும் தாடையில் இதே மாதிரி வேலையைக் காட்டும். கீமோ நடக்கும்போது வெள்ளையணுக்கள் குறைவதால், நேற்றுவரை சும்மா கிடந்த சொத்தைப் பல் இன்று காய்ச்சலாக மாறலாம். செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு, ஈறில் ரத்தம் வரக்கூடிய சிகிச்சை என்றால், ஒரு மணி நேரத்துக்கு முன்பே கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்து தேவை. டயாலிசிஸ் செய்பவர் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து உடலில் இருக்கும் அன்றே பல் பிடுங்கக் கூடாது, மறுநாள் நல்லது.

இவர்களுக்கான இடம் ஊட்ரத்தில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையம், அல்லது கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையம். சில பொது மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. அங்கே சாஸ் அட்டையை நீட்டிப் பயனில்லை. நிபுணத்துவ மருந்தக மானியம் என்பது தனி. அதற்குத் தேவை ஒரு பரிந்துரைக் கடிதம். நீங்களாக நேரே போய்ப் பதிந்தால் முழுக் கட்டணம். பலதுறை மருந்தகமோ (பாலிகிளினிக்), சாஸ் மருந்தகமோ, ஏற்கெனவே உங்களை மானிய நோயாளியாகப் பார்க்கும் பொது மருத்துவமனை மருத்துவரோ அனுப்பினால் மானியக் கட்டணம். குறைந்த வருமானக் குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். மானியம் போக மீதித் தொகையில் முன்னோடித் தலைமுறைக்கு மேலும் பாதி, மெர்டேக்கா தலைமுறைக்குக் கால்வாசி குறையும். நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு, அளவு குறைவு.

ஆகவே புற்றுநோய் மருத்துவர் "பல்லைக் காட்டுங்க" என்று சொன்ன அந்த நிமிடமே, "டாக்டர், நீங்களே கடிதம் கொடுத்துவிடுங்க" என்று கேட்பதுதான் குறுக்குவழி. வீட்டுக்கு வந்து, பலதுறை மருந்தகத்தில் தேதி வாங்கி, அங்கிருந்து கடிதம் பெற்று அலைந்தால் நாள் போய்விடும். சிகிச்சை தொடங்கும் தேதியையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். தேதி இருந்தால்தான் முன்பதிவு மேசையில் இருப்பவருக்கு அவசரம் புரியும்.

மெடிசேவ் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. அது அறுவை சிகிச்சைப் பட்டியலில் உள்ளவற்றுக்கு, அதாவது ஈறைக் கீறி எடுக்கும் கடைவாய்ப் பல், பல் பதியம் (இம்பிளாண்ட்) போன்றவற்றுக்கு. சுத்தம் செய்ய, சொத்தை அடைக்க, சாதாரணமாகப் பல் பிடுங்க அதைத் தொட முடியாது என்பதே நெடுநாள் விதி. 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர், மூத்தோருக்கான ஃபிளெக்ஸி மெடிசேவைச் சில பல் சிகிச்சைகளுக்கும் பயன்படுத்த வழிசெய்யப்போவதாகச் சுகாதார அமைச்சு 2025இல் அறிவித்தது. அந்த வயதுக்காரர் என்றால் முகப்பில் கேட்டுப் பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தில் பல் உடைந்தாலொழிய அது பல் வேலைக்குப் பணம் தராது. "புற்றுநோயால்தானே பல்லை எடுத்தோம்" என்ற வாதம் நியாயமாகத் தோன்றினாலும் விதி அப்படி இல்லை.

மானியமும் மெடிசேவும் போக மிச்சத்தைக் கட்ட வழியில்லை என்றால் மெடிஃபண்ட் என்னும் அரசு உதவி நிதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க அந்த நிலையத்தின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும். பில் வந்து கலங்கிய பிறகு அல்ல, செலவு மதிப்பீட்டுத் தாள் கையில் கிடைத்ததுமே போய்ப் பாருங்கள்.

போகும் அன்று எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் நீர்க்கும் மாத்திரையைப் பல் பிடுங்கப் போகிறோம் என்று தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் அதிகம். நிறுத்த வேண்டாம், வார்ஃபரின் சாப்பிடுபவர் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் கடைசி முடிவைக் கொண்டுபோனால் போதும், மீதியை இரு மருத்துவர்களும் பேசிக்கொள்வார்கள். நீரிழிவுக்காரர் சாப்பிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு காலை நேரச் சந்திப்பாகக் கேட்டு வாங்குவது நல்லது.