கிளை தாங்குமா? குழந்தைகள் மரமேறும் முன் போட வேண்டிய கணக்கு

முருங்கையில் ஏறாதே என்று சொல்லித்தான் கிராமத்தில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். அதன் கட்டை அவ்வளவு மென்மையானது. பச்சையாக, காய் தொங்க நிற்கும்போதே மளுக்கென்று ஒடிந்துவிடும். புளியங்கொம்போ வளைந்து கொடுக்குமே தவிர லேசில் முறியாது. பள்ளியிலோ கோடை முகாமிலோ குழந்தைகளை மரமேற வைக்க நினைப்பவர்கள் முதலில் மரத்தைத்தான் படிக்க வேண்டும். பாதுகாப்பில் பெரும்பகுதி, குழந்தை கிளையைத் தொடும் முன்பே முடிவாகிவிடுகிறது.

கிளையின் பலம் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டம் இரண்டு மடங்கானால் வளைவைத் தாங்கும் பலம் எட்டு மடங்கு. இதையே இறங்குமுகமாகப் பாருங்கள்: ஒரே மரத்தில் 10 செ.மீ. கிளை தாங்குவதில் 7 செ.மீ. கிளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமனாகத் தெரியும், ஆபத்து அங்கேதான். அடுத்தது தூரம். 30 கிலோ குழந்தை அடிமரத்திலிருந்து அரை மீட்டரில் நிற்பதைவிட ஒன்றரை மீட்டரில் நின்றால், கிளையின் அடியில் மூன்று மடங்கு வளைவிசை விழும். அதனால் கால் எப்போதும் கிளை புறப்படும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

கவையையும் கவனியுங்கள். இரண்டு கிளைகள் அகலமாக விரிந்து பிரிந்தால் நல்லது. ஒடுங்கிய கவையில் பட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும். இரு பக்கக் கட்டையும் சரியாக ஒட்டாமல், பாரம் ஏறியதும் பிளக்கும். இலையில்லாத கிளை, பட்டை உரிந்த கிளை, காளான் முளைத்த இடம், பொந்து எல்லாம் வேண்டாம். பச்சைக் கிளை பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். பட்ட கிளை சொல்லாமல் முறியும். எட்டுகிற கிளையில் பெரியவர் ஒருவர் முதலில் தொங்கிப் பார்த்துவிடலாம்.

அதற்கு மேல் உயரம் போக வேண்டுமானால் கயிறும், இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக் கயிற்றோடு இணைக்கும் ஹார்னஸ் பட்டையும் கட்டாயம். மரவேலைக்காரர்களின் கயிற்று முறையைப் பொழுதுபோக்காக எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க, பீட்டர் ஜென்கின்ஸ் 1983இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஓர் அமைப்பையே தொடங்கினார். இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கிளைக்கு மேலே போட்ட கயிற்றின் ஒரு முனையில் 30 கிலோ குழந்தை, மறுமுனையைத் தரையில் நின்று பிடிக்கும் பெரியவர் என்றால், கிளை சுமப்பது 30 கிலோ அல்ல. உராய்வே இல்லாத கப்பியில் அது 60 கிலோ. வெறும் பட்டையில் உராய்வு கொஞ்சம் குறைக்கும், ஆனால் கணக்கை 60க்கே போட்டு வையுங்கள். பட்டைக்கு அடியில் மெல்லிய உயிருள்ள படலம் இருக்கிறது, கயிறு உரசினால் அது செத்துப்போகும். தடித்த தோல் உறை போட்டே கயிற்றை ஓட்ட வேண்டும்.

கயிறில்லாத ஏற்றத்தில், நிற்கிற பெரியவரின் தலைக்கு மேலே குழந்தையின் கால் போகக் கூடாது என்பது என் கருத்து. அந்த உயரத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். 1 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 16 கி.மீ.; 3 மீட்டர் என்றால் 28. அந்த வேகம் எத்தனை செ.மீ.க்குள் அடங்குகிறது என்பதுதான் அடியின் கடுமை. காய்ந்த களிமண் ஒன்றுமே விட்டுக்கொடுக்காது. ஆழமாகப் பரப்பிய மணலும் மரச்சீவலும் கொடுக்கும்.

தூக்கி மட்டும் விடாதீர்கள். தானே ஏறிய குழந்தைக்கு எங்கே கால் வைத்தோம் என்று தெரியும், தூக்கிவிட்ட குழந்தைக்குத் தெரியாது. ஏறும்போது கண் முன்னே போகிறது. இறங்கும்போது கால்தான் தேடிப் போக வேண்டும். அதனால் இறங்குவதே கடினம். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று மரத்தைப் பற்றியிருக்கட்டும். கீழே நிற்பவர் “பார்த்து, பார்த்து” என்று கத்தினால் குழந்தைக்குப் பயம்தான் கூடும். “இடது காலை இன்னும் கொஞ்சம் கீழே வை” என்று ஒரே ஒருவர் நிதானமாகச் சொன்னால் போதும்.

அப்புறம் துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். கயிறில்லாமல் ஏறும்போது சைக்கிள் ஹெல்மெட்டும் அதே காரணத்தால் வேண்டாம். கயிற்றில் ஏறும்போது மலையேற்ற ஹெல்மெட் அவசியம். மழை ஈரம் காயாத பட்டை வழுக்கும், அன்றைக்கு விட்டுவிடலாம். மாமரமாக இருந்தால் இலைகளைச் சேர்த்துக் கட்டிய முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று காலையிலேயே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கடி வாங்கிய குழந்தை முதலில் கையைத்தான் விடும்.