எஞ்சின் ஆயிலும் தேயும்

மோட்டார் சைக்கிளில் ஆயிலை வடிப்பதற்கான டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கன்னங்கரேல் என்று கொட்டும் ஆயிலைப் பார்த்து, நல்ல வேளையாக இன்றாவது மாற்றினோம் என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கறுப்பு மட்டுமே ஆயில் கெட்டுவிட்டதற்கு அடையாளம் ஆகாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியை உலோகத்தின்மேல் படியவிடாமல், நுண்துகள்களாகத் தன்னுள்ளேயே சுமந்துகொள்வதற்கான வேதிப்பொருள்கள் ஆயிலில் கலந்திருக்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்தால் ஆயில் கறுக்கத்தான் செய்யும். ஆயில் உண்மையில் தேய்வது நம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், அதிலுள்ள நீண்ட மூலக்கூறுகளில்.

ஆயிலின் முதல் வேலை, உலோகத்தை உலோகம் தொடாமல் பார்த்துக்கொள்வது. 1880களில் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பீச்சம் டவர், ரயில் அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்தபோது, எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரத்துண்டால் அடைத்தால், அதையும் மெல்ல வெளியே தள்ளியது. சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்வதால் பிறக்கும் அழுத்தமே பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்பதை 1886இல் அறிவியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித வழியில் விளக்கினார். எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள ஆயில் படலம் நிற்பதும் இதே விதிப்படிதான். படலம் எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை வேகமும் பாரமும் ஆயிலின் பாகுத்தன்மையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

சிக்கல் தொடங்குவது இந்தப் பாகுத்தன்மையில்தான். எந்த எண்ணெயும் சூடேறினால் இளகும். குளிரில் எளிதாக ஓடவும் வேண்டும், சூட்டில் நீர்த்துப் போகவும் கூடாது என்றால் வெறும் எண்ணெய் போதாது. எனவே, பந்தாகச் சுருண்டு கிடந்து சூடேற ஏற விரிகிற, பாலிமர் எனும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அதில் கலக்கிறார்கள். விரிந்த சங்கிலிகள் ஓட்டத்தைத் தடுப்பதால், ஆயில் இளகும் அளவு குறைகிறது. டப்பாவில் 10டபிள்யூ-30 என்று அச்சிட்டிருந்தால், முன்னால் உள்ள எண் குளிரில் அது நடந்துகொள்ளும் விதத்தையும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கின்றன. 30 என்ற தரத்து ஆயில் அந்தச் சூட்டிலும், அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரைப்போல் சுமார் 10 மடங்கு பாகுத்தன்மையோடு இருக்கும்.

பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலோ எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஒன்றோடொன்று அழுந்தி உரசும் கியர் பற்களின் இடுக்கில் சிக்கும் பாலிமர் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுபடுகின்றன. அறுந்தவை மீண்டும் ஒட்டுவதில்லை. மாற்ற வேண்டிய தூரம் நெருங்கும்போது கியர் விழுவது கரகரப்பாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில் நனைந்திருப்பதால், உராய்வை மிகவும் குறைப்பதற்காகத் தயாரித்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாவிட்டால், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிந்த ஆவி வெளியேறாமல் நீராக ஆயிலிலேயே தங்கிவிடும்.

பழைய ஆயிலை எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போதே வடிக்க வேண்டும். அப்போதுதான் ஆயில் இளகி ஓடும், அடியில் படியத் தொடங்காத அழுக்கும் அதோடு சேர்ந்து வந்துவிடும். கையுறை அணிந்து, கடைசி மரை வரை போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடியே திருகி, பின் சட்டென விலக்கினால் கை நனையாது. நுனியில் காந்தமுள்ள போல்ட்டாக இருந்தால் துடைப்பதற்கு முன் அதைக் கவனியுங்கள்: சாம்பல் நிறக் களிம்பு போன்ற மெல்லிய படிவு இயல்பானது, விரலில் தனியாக உணரக்கூடிய உலோகச் சில்லுகள் இயல்பானவை அல்ல.

போல்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. பரப்புகளின் நுண்ணிய மேடுபள்ளங்களை அந்த மென்மையான உலோகம் நிரப்புவதால்தான் ஆயில் கசிவதில்லை. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அந்த அளவுக்கு இடங்கொடுக்காது என்பதால் புதியதைப் போடுவதே முறை. பழைய வாஷரையே வைத்துவிட்டு, கசிவை நிறுத்த ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே போன ஒரு நாளில், எஞ்சின் உறையின் மரையை நானே சிதைத்திருக்கிறேன். எஃகு போல்ட்டுக்கு முன் அலுமினிய மரை எப்போதும் தோற்கும். கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவது, சிதைந்த மரையைச் சரிசெய்யும் செலவைவிட மலிவு.

புதிய ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் வடிந்து இறங்கச் சற்றுப் பொறுத்து, வண்டியை நிமிர்த்தி வைத்து அளக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி காட்டும் அளவு பொய். டிப்ஸ்டிக்கைத் திருகி அளப்பதா, திருகாமல் வைத்து அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் உள்ள காற்றால் பாரத்தைத் தாங்க முடியாது.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில், தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் சேர்த்துவைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். பாலிமரும் மற்ற சேர்மங்களும் சிதைந்திருந்தாலும் அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. அதைக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கிப் புதிய சேர்மங்களைக் கலந்தால் மறுபடியும் எஞ்சின் ஆயிலாகிவிடும்.